கூரை வேலை எடுத்துச் செய்பவர்களுக்கான காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரை போடுபவர்கள், ஷீட் மாற்றுபவர்கள், மொட்டை மாடிக்குத் தார் மெம்பரேன் ஒட்டுபவர்கள் என்று பலருக்கும் காப்பீட்டுத் தாள்களைப் படித்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பாலிசி வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாலு பேரை வெச்சு வேலை பாக்குற ஆள் நான். எனக்கெல்லாம் எதுக்கு இன்ஷூரன்ஸ்?

உங்கள் தொழில் சிறியது, சரி. நீங்கள் ஏறி நிற்கும் கட்டடமும் சிறியதா? கூரை வேலையில் கிடைக்கும் கூலிக்கும் வரக்கூடிய நஷ்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு கிடங்கின் கூரையில் ஒட்டுப்போடும் வேலைக்குக் கிடைப்பது சொற்பம். அந்த வேலையின்போது ஒரு தீப்பொறி உள்ளே இறங்கினால் எரிவது கிடங்கும் அதிலுள்ள மொத்தச் சரக்கும். நிறுவனமாகப் பதியாமல் தனி ஆளாகத் தொழில் நடத்தினால், தொழிலில் வந்த கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. காப்பீட்டுச் சான்று இல்லாதவரைப் பெரிய வேலைகளுக்கு உள்ளேயே விடமாட்டார்கள்.

எந்தெந்த பாலிசி எடுக்கணும்? எல்லாம் ஒண்ணுலயே வராதா?

சில நிறுவனங்கள் தொகுப்பாகத் தருகின்றன. தொகுப்பாக வாங்கினாலும் உள்ளே இருப்பவை தனித்தனிப் பாதுகாப்புகள்தான். வெளியாட்களின் உடலுக்கோ சொத்துக்கோ உங்கள் வேலையால் கேடு வந்தால் அதற்கு மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு. உங்களிடம் வேலை செய்பவருக்கு அடிபட்டால் ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு. வண்டிக்கு வணிக வாகனக் காப்பீடு. கருவிகளுக்கு ஒன்று. பாதி முடிந்த வேலைக்கும் அங்கே இறக்கிவைத்த சரக்குக்கும் ஒன்று.

கையில் காசு குறைவாக இருந்தால், சட்டம் கட்டாயமாக்கிய வாகனக் காப்பீடு போக, முதல் இரண்டையும் விடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கிரைண்டர் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தால் அந்தச் செலவு அவர் ஆயுள் முழுக்க நீளும்.

எவ்வளவு தொகைக்கு எடுக்கறது?

பலர் வருட வரவைப் பார்த்துத் தொகையை முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது கீழே இருப்பதை. குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும் வேலை செய்பவருக்கும், தொழிற்சாலை, மருத்துவமனைக் கூரைகளில் ஏறுபவருக்கும் ஒரே வரம்பு எப்படிப் பொருந்தும்? நீங்கள் எடுக்கும் வேலைகளிலேயே விலை உயர்ந்த கட்டடத்தை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பாலிசியில் இரண்டு வரம்புகள் இருக்கலாம்: ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, வருடம் முழுவதற்கும் மொத்தம் இவ்வளவு. வருட ஆரம்பத்திலேயே ஒரு பெரிய கிளெய்ம் வந்தால் மீதி மாதங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வக்கீல் செலவு இந்த வரம்புக்குள் கழிகிறதா, அதற்கு மேல் தனியாகக் கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள். வழக்கு இழுத்தால் அந்த ஒரு வரி பெரிய வித்தியாசம் செய்யும்.

வீட்டுக்காரரே வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் வெச்சிருக்காரே, அது போதாதா?

போதாது. அவருடைய நிறுவனம் அவருக்குப் பணம் கொடுக்கும். கொடுத்த பிறகு, 'நஷ்டத்துக்குக் காரணம் யார்' என்று பார்த்து, அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்க வரும். இந்த உரிமை பெரும்பாலான சொத்துக் காப்பீடுகளில் உண்டு. வீட்டுக்காரர் உங்களுக்கு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் நோட்டீஸ் அனுப்புவது அவர் அல்ல, அவருடைய காப்பீட்டு நிறுவனம். முகதாட்சண்யத்துக்கு அங்கே இடமில்லை.

போட்ட கூரை ஒழுகுதுன்னு திரும்பக் கூப்பிடுறாங்க. கிளெய்ம் பண்ணலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பொறுப்புக் காப்பீடு, உங்கள் வேலை பிறருக்கு ஏற்படுத்திய கேட்டுக்குப் பணம் கொடுக்கும். உங்கள் வேலையையே திருத்திச் செய்வதற்குப் பொதுவாகக் கொடுக்காது. ஓரத்தில் தகடு சரியாக மடிக்கவில்லை, அதனால் தண்ணீர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். நனைந்து விழுந்த பொய்க்கூரை, ஊறிப்போன மரத்தரை, கெட்டுப்போன கணினி, இவை பிறருடைய சொத்து. இவற்றுக்குக் கிளெய்ம் கேட்கலாம். அந்தத் தகட்டைப் பிரித்து மறுபடி மடிக்கும் கூலியும் பொருளும் உங்கள் செலவு.

காரணம் எளிது. மோசமாகச் செய்துவிட்டு, திருத்தும் செலவைக் காப்பீட்டின் தலையில் கட்ட முடியும் என்றால் யாரும் ஒழுங்காக வேலை செய்யமாட்டார்கள். அதனால் இந்த விலக்கு பாலிசிக்குப் பாலிசி வார்த்தை மாறினாலும் எங்கும் இருக்கும்.

தகராறு வருவது நடுவில்தான். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க நல்ல பகுதியையும் பிரிக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவு யாருடையது? சில பாலிசிகள் தருகின்றன, பல தருவதில்லை. எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கூரையைப் பிரிச்சுப் போட்டிருந்தோம், ராத்திரி மழை வந்துடுச்சு. கீழே எல்லாம் நாசம். இது இயற்கை தானே?

மழை இயற்கை. கூரையைத் திறந்து வைத்திருந்தது நீங்கள். கூரை வேலைக்கென்றே உள்ள பெரிய ஓட்டை இதுதான். பல பாலிசிகளில் 'திறந்த கூரை' பற்றித் தனி விலக்கோ நிபந்தனையோ இருக்கும். முழு விலக்கு என்றால் திறந்த கூரை வழியாக இறங்கிய தண்ணீரால் வந்த எந்த நஷ்டத்துக்கும் காசு வராது. நிபந்தனை என்றால் 'அன்றைக்கு மூட முடிந்த அளவுக்கு மட்டுமே பிரிக்க வேண்டும், வேலை நிறுத்தும்போதெல்லாம் தண்ணீர் புகாதபடி தற்காலிகமாக மூட வேண்டும்' என்ற மாதிரி எழுதியிருப்பார்கள்.

'தார்ப்பாய் போட்டிருந்தோம்' என்றால் மட்டும் போதாது. எப்படிக் கட்டினீர்கள், ஓரத்தில் எடை வைத்தீர்களா, காற்றுக்குத் தாங்குமா என்று, நஷ்டத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேட்பார். நான் எல்லோரிடமும் சொல்வது: சாயங்காலம் இறங்குவதற்கு முன் மூடிய கூரையை நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். அன்றைய வானிலை முன்னறிவிப்பையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மழை அறிவிப்பு இருந்தும் பிரித்தீர்களா என்பது அடுத்த கேள்வியாக வரும்.

முழு விலக்கு உள்ள பாலிசி மலிவாகக் கிடைக்கும். பழைய கூரையைப் பிரித்து மாற்றுவதே உங்கள் தொழில் என்றால் அதை எடுக்காதீர்கள்.

கேஸ் பர்னர் வெச்சு மெம்பரேன் ஒட்டுறோம். அதுக்கும் சேர்த்துத்தானே பாலிசி?

தானாகச் சேராது. நெருப்பு, வெல்டிங், கொதிக்கும் தார், சூடான காற்றுக் கருவி, தீப்பொறி பறக்கும் அறுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'வெப்ப வேலை' என்று தனியாகப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் கூரை வேலைக்குப் பாலிசி இருக்கும், தீக்கு இருக்காது.

சேர்த்திருந்தாலும் நிபந்தனைகள் உண்டு. சுற்றியுள்ள எரியக்கூடிய பொருளை அகற்றுவது, அகற்ற முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடுவது, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருப்பது, எரியும் பர்னரை விட்டு நகராதது, வேலை முடிந்த பிறகும் ஆள் காவல் இருப்பது. காவல் 30 நிமிடம் என்று சிலர், 60 நிமிடம் என்று சிலர் எழுதுவார்கள். பர்னர் வேலைக்கு இரண்டு மணி நேரம் வரை கேட்பதும் உண்டு. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மரச்சட்டத்துக்கும் வெப்பத்தடுப்பு அட்டைக்கும் நடுவே நுழைந்த கங்கு, புகைகூடத் தெரியாமல் கனன்றுகொண்டே இருந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் பிடிக்கும்.

இந்த நிபந்தனைகளில் ஒன்று விட்டுப்போனாலும் கிளெய்மை மறுக்கும் வாசகம் பல பாலிசிகளில் இருக்கிறது. யார் காவல் இருந்தார், எத்தனை மணிக்குக் கடைசியாகச் சுற்றிப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். நோட்டு இல்லாவிட்டால் காவல் இருந்ததை நிரூபிக்கவே முடியாது.

உயரத்துக்கும் வரம்பு இருக்காமே?

பல பாலிசிகளில் உண்டு. 10 மீட்டர், 15 மீட்டர் என்றோ, இத்தனை மாடிக்கு மேல் கூடாது என்றோ எழுதியிருக்கும். வழக்கமாக இரண்டு மாடி வேலை எடுக்கும் ஒருவர், ஒருமுறை தெரிந்தவர் கேட்டாரென்று ஆறு மாடிக்குப் போவார். அன்றைக்கு அவருக்குக் காப்பீடே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு வேலை வந்தால் ஏறுவதற்கு முன் ஏஜெண்டிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் நீட்டித்துத் தருவது உண்டு.

எங்கிட்ட இருக்கறவங்க எல்லாம் தினக்கூலி. சம்பளப் பட்டியலே கிடையாது. அவங்க ஊழியர் ஆவாங்களா?

பட்டியல் இருக்கிறதா என்பதை வைத்து மட்டும் இது முடிவாகாது. எந்த நேரத்துக்கு வர வேண்டும், எதைச் செய்ய வேண்டும், யாருடைய கருவியால் செய்ய வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானித்தால் பெரும்பாலும் அவர் உங்கள் ஊழியர்தான். ஒரே ஒரு நாள் வந்தவராக இருந்தாலும் அப்படித்தான் பார்க்கப்படலாம். வேலையில் அடிபட்டால் யார் தப்பு என்று பார்க்காமல் ஈடு கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1884-இல் ஜெர்மனியில் சட்டமாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. இன்று நிறைய நாடுகளில் இந்தக் காப்பீடு கட்டாயம். எடுக்காமல் இருப்பதே தனிக் குற்றமாகவும் இருக்கலாம்.

கூரை வேலையில் ஆட்கள் விழுவது ஓரத்திலிருந்து மட்டும் இல்லை. பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டிலோ வெளிச்சத்துக்குப் பதித்த பிளாஸ்டிக் ஷீட்டிலோ கால் வைத்து, கூரை வழியாகவே கீழே போவதும் அடிக்கடி நடக்கிறது. புதிதாக அன்றைக்கு வந்த தினக்கூலிக்கு எது உறுதியான இடம் என்றே தெரியாது. அவர் பெயரைத்தான் நீங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. காலையில் வேலை தொடங்கும்போது ஒரு வருகைத்தாளாவது போடுங்கள்.

நானும்தான் கூட ஏறி வேலை பாக்குறேன். எனக்கு அடிபட்டா?

முதலாளியை ஊழியராக எடுத்துக்கொள்ளாத ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அப்படியானால் மேலே சொன்ன காப்பீடு உங்களுக்கு உதவாது. சில இடங்களில் கூடுதல் பிரீமியம் கட்டி உங்களையும் சேர்க்கலாம். இல்லையென்றால் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள். ஆனால் அதிலும் உயரத்தில் செய்யும் வேலை விலக்கப்பட்டிருக்கலாம். தொழில் என்ன என்ற கட்டத்தில் 'ஒப்பந்ததாரர்' என்று மட்டும் எழுதாமல், கூரையில் ஏறி வேலை செய்பவர் என்று விவரமாக எழுதுங்கள்.

வேலையை சப் கான்ட்ராக்டர்கிட்ட விட்டுட்டேன். இனி அவர் பாடு தானே?

வீட்டுக்காரர் ஒப்பந்தம் போட்டது உங்களோடு. அவர் உங்களைத்தான் கேட்பார். சப் கான்ட்ராக்டரிடம் காப்பீடு இருந்தால் உங்கள் நிறுவனம் அங்கே வசூலித்துக்கொள்ளும். இல்லையென்றால் சுமை உங்கள் பாலிசி மேல். அதனால் 'சப் கான்ட்ராக்டர் ஒவ்வொருவரிடமும் இவ்வளவு தொகைக்குச் செல்லுபடியாகும் பாலிசி இருக்க வேண்டும், அதன் சான்றை வேலைக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்' என்று உங்கள் பாலிசியிலேயே நிபந்தனை போட்டிருப்பார்கள். வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது வெப்ப வேலைக் கேள்வியில் சொன்னது போலத்தான்.

காப்பீடு இல்லாத சப் கான்ட்ராக்டரின் ஆட்களை உங்கள் ஆட்களாகவே கணக்கிட்டு, வருடக் கடைசியில் அதற்கும் பிரீமியம் கேட்பதும் நடக்கும்.

கருவி, வண்டி, சைட்ல இறக்கின சரக்கு?

வண்டிக் காப்பீடு வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் டிரில்லிங் மெஷினும் கம்ப்ரஸரும் பெரும்பாலும் அதில் சேராது. கருவிக் காப்பீட்டில், இரவில் பூட்டாத வண்டியிலிருந்து திருடு போனால் கிடைக்காது என்ற மாதிரி நிபந்தனைகள் சகஜம். கருவியின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியம் மிச்சம் பிடிப்பதும் ஆபத்து. 100 மதிப்புள்ளதை 60 என்று காட்டியிருந்தால், 20 நஷ்டத்துக்கு 12 மட்டுமே தரும் விகித விதி பல பாலிசிகளில் இருக்கிறது. அதிலும் உங்கள் பங்கு என்று ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள்.

இறக்கி வைத்த ஷீட் காற்றில் பறந்து பக்கத்து காரில் விழுந்தால் இரண்டு நஷ்டம். காருக்குப் பொறுப்புக் காப்பீடு. ஷீட்டுக்கு, நடக்கும் வேலைக்கான காப்பீடு இருந்தால் மட்டும்.

சான்றிதழ் குடுத்தா போதாதாம், அவங்க பேரையும் பாலிசியில சேர்க்கணுமாம். எதுக்கு?

சான்றிதழ் என்பது பாலிசி இருக்கிறது என்று சொல்லும் தாள். அது யாருக்கும் உரிமை தராது. பெயரைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்த்தால், உங்கள் வேலை காரணமாக அவர்கள் மேல் வழக்கு வந்தாலும் உங்கள் பாலிசி அவர்களுக்காகவும் பேசும். கட்டட உரிமையாளர்களும் பிரதான ஒப்பந்ததாரர்களும் இதைக் கேட்பது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு விஷயம்: உங்கள் வரம்பை அவர்களும் பங்குபோடுவார்கள்.

ஒப்பந்தத்தில் 'என்ன நடந்தாலும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது' என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் நிறுத்துங்கள். சட்டப்படி உங்கள் மேல் வராத பொறுப்பை நீங்களாக எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அதற்குப் பாலிசி வராமல் போகலாம்.

பெயிண்ட் அடிக்கறவருக்குக் கம்மி, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிரீமியம்? ஆள் கணக்கைக் குறைச்சுச் சொன்னா?

உயரம், நெருப்பு, தண்ணீர் மூன்றும் ஒரே வேலையில் சேர்வதால் அதிகம். கணக்கு பெரும்பாலும் மொத்தச் சம்பளத்தையோ வரவையோ வைத்துப் போடுவது. வருட ஆரம்பத்தில் கட்டுவது உத்தேசம்தான், கடைசியில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மீதியைக் கேட்பார்கள் அல்லது திருப்பித் தருவார்கள்.

குறைத்துச் சொன்னால் அந்தத் தணிக்கையில் மொத்தமாக வரும். அதற்கு முன்பே விபத்து நடந்தால் நிலைமை இன்னும் மோசம். உண்மையை மறைத்ததாகச் சொல்லி பாலிசியையே ரத்து செய்யும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கலாம். செலவைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது: அலுவலகத்தில் மட்டும் உட்காருபவரின் சம்பளத்தைத் தனியாகக் காட்டுங்கள். எல்லாரையும் கூரையேறுபவர் கணக்கில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

முடிச்சுக் குடுத்து மூணு வருஷம் ஆச்சு. இப்போ சீலிங் விழுந்துடுச்சுன்னு நோட்டீஸ். அப்போ இருந்த பாலிசியா, இப்போ இருக்கறதா?

பாலிசியின் வகையைப் பொறுத்தது. 'சம்பவ' அடிப்படை என்றால், நீங்கள் வேலை செய்த நாளைப் பார்க்கமாட்டார்கள். கேடு நடந்த நாளில் எந்தப் பாலிசி உயிரோடு இருந்ததோ அது பதில் சொல்லும். 'கிளெய்ம்' அடிப்படை என்றால், நோட்டீஸ் வந்து தெரிவித்த காலத்தில் இருக்கும் பாலிசி. அதிலும் 'இந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்குக் கிடையாது' என்று பின்தேதி ஒன்று இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று நிறுவனம் மாறும்போது அந்தத் தேதி புதிதாகத் தொடங்கினால் பழைய கூரைகள் எல்லாம் வெளியே நிற்கும். சம்பவ அடிப்படைப் பாலிசியிலும், பாலிசி தொடங்கும் முன் முடித்த வேலையை விலக்கும் வாசகம் சில நேரம் ஒளிந்திருக்கும்.

தண்ணீர் இரண்டு மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது என்றால் இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று கைகாட்டும். சந்தேகம் இருந்தால் இரண்டுக்குமே உடனே எழுதிவிடுங்கள். பழைய பாலிசிகளைத் தூக்கிப் போடாதீர்கள். தொழிலை விட்டுவிட்டாலும், முடித்த வேலைகளுக்கான பாதுகாப்பைச் சில வருடம் தொடர முடியுமா என்று கேளுங்கள்.

பத்து வருஷ வாரண்டி குடுத்திருக்கேன். இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்ல?

இல்லை. ஒழுகும் கூரைக் கேள்வியில் சொன்னதுதான் இங்கேயும். வாரண்டி நீங்கள் கொடுத்த வாக்கு. பொருளுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் வேறு, அதற்கும் அவர் சொன்ன முறைப்படி பொருத்தியிருக்க வேண்டும். வேலையை முடிக்காமல் விட்டால் பணம் தரும் ஜாமீன் பத்திரம் என்று ஒன்றும் கேட்பார்கள். அது உரிமையாளருக்கான பாதுகாப்பு. பத்திரம் தந்த நிறுவனம் அவருக்குக் கொடுத்ததை உங்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

பழைய கல்நார் ஷீட்டைக் கழட்டற வேலை. சும்மா கழட்டறதுதானே?

கல்நார் இழை காற்றில் கலந்தால் நுரையீரல் நோய் வரும், அதுவும் பல வருடம் கழித்துத் தெரியும். அதனாலேயே பெரும்பாலான பொறுப்புப் பாலிசிகளில் கல்நாருக்கு வெளிப்படையான விலக்கு உண்டு. தனி உரிமம், தனிக் காப்பீடு உள்ளவர்களிடம் விடுங்கள். உடைத்துக் கழற்றிய பிறகு கேட்டால் யாரும் உதவ முடியாது.

ஏதாவது நடந்துட்டா முதல்ல என்ன செய்யணும்? 'நாங்க பாத்துக்கறோம்'னு சொல்லிட்டா அவங்க சமாதானம் ஆவாங்களே?

அடிபட்டவரைக் கவனியுங்கள், மேலும் நஷ்டம் ஆகாமல் தடுங்கள், அதற்கான செலவு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த கிளிப், கருகிய துண்டு எதையும் சர்வேயர் பார்க்கும் முன் குப்பையில் போடாதீர்கள். அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சின்ன விஷயம், நாமே முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் வைத்திருந்து, பெரிதான பிறகு சொன்னால் தாமதமே மறுப்புக்குக் காரணமாகும்.

'எங்க தப்புதான், நாங்க பாத்துக்கறோம்' என்பது மனிதத்தன்மை. ஆனால் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று ஏறக்குறைய எல்லாப் பொறுப்புப் பாலிசியிலும் எழுதியிருக்கும். வருத்தம் சொல்லலாம். 'காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டேன், அவர்கள் வந்து பார்ப்பார்கள்' என்றும் சொல்லலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பிலும் அப்படியே.

கிளெய்மை மறுத்துட்டாங்க. அவ்வளவுதானா?

எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவை நீங்களே படியுங்கள். மொத்தமாக மறுத்த கிளெய்மில், சொந்த வேலைக்கான பகுதி மட்டும் விலக்காகவும், நனைந்த பொருளுக்கான பகுதி செல்லத்தக்கதாகவும் இருப்பதுண்டு. இரண்டையும் பிரித்து, தனித்தனிக் கணக்காக மறுபடி அனுப்புங்கள். நிறுவனத்தின் உள்ளேயே மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கும். அதற்கு மேல் பல நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து அது ஓடத் தொடங்கலாம் என்பதால் கடிதம் வந்த உறையையும் சேர்த்து வையுங்கள்.